மூக்கோரம் ஒரு விரல்: பிள்ளையின் கண் ஒழுகினால் செய்ய வேண்டியது

பூம்பாறையில் ஜீப் ஓட்டுகிறேன். பூண்டு எடுக்கும் மாதங்களில் பிக்கப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்கு இறங்குவேன். மற்ற நாட்களில் கொடைக்கானலுக்கும் மன்னவனூருக்கும் ஆள் ஏற்றி இறக்குவேன். என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தால் சாக்கைத் தொட்ட மாதிரி இருக்கும். அந்தக் கையால்தான் என் மகளின் இடது கண்ணுக்கு ஏழு மாதம் மசாஜ் செய்தேன். என் மனைவிக்குக் கண் பக்கம் விரல் போனாலே நடுக்கம். “நீங்களே பண்ணுங்க, எனக்குப் பாக்கவே முடியல” என்று திரும்பிக்கொள்வாள். இப்போது ஜீப்பில் கைக்குழந்தையோடு ஏறும் பொம்பளைப் பிள்ளைகள், கண் ஒழுகினால் என்னிடம் கேட்கிறார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னதை நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

மகள் பிறந்தது கார்த்திகையில். மூன்றாவது வாரம் இடது கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. அழவில்லை, சும்மா படுத்திருக்கிறாள், கண் மட்டும் குளம் மாதிரி. காலையில் இமை முடி ஒட்டிக்கொண்டு கண் திறக்காது. மஞ்சளாகக் கொஞ்சம் பீளை. பனிக் காற்று பட்டதுதான் காரணம் என்றார் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா திருஷ்டி என்றார். அம்மா குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். வேண்டுதலால் எந்தக் கண்ணும் கெடப்போவதில்லை, அதனால் நான் வாய் திறக்கவில்லை. நான் தப்புச் செய்த இடம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணில் ஊறும் தண்ணீர் எங்கே போகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. மூக்கை ஒட்டிய முனையில், மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாக ஊசிமுனை அளவு இரண்டு துளை இருக்கிறது. தண்ணீர் அதில் இறங்கி, கண்ணுக்கும் மூக்குத்தண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்னப் பையில் சேரும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் வடிந்துவிடும். அழும்போது நமக்கு மூக்கு ஒழுகுவது இதனால்தான். சில குழந்தைகளுக்கு அந்தக் குழாயின் அடிமுனை, மூக்கில் திறக்கிற இடம், ஒரு மெல்லிய சவ்வால் மூடியபடியே பிறந்துவிடுகிறது. கீழே போக வழியில்லாத தண்ணீர் கன்னத்தில் வழிகிறது. பையில் தேங்கியது கெட்டுப்போய்ப் பீளையாகிறது. 100 குழந்தைகள் பிறந்தால் 5 முதல் 20 பேருக்கு இந்தத் தொல்லை வரும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதில் 10க்கு 9 பேருக்கு ஒரு வயது நிறைவதற்குள் சவ்வு தானே திறந்துகொள்ளும். அதுவரை அழுக்குச் சேராமல் பார்த்துக்கொண்டு, சவ்வு திறக்கக் கொஞ்சம் உந்திவிடுவதுதான் நம் வேலை.

காத்திருக்கக் கூடாத கண்கள்

மசாஜைப் பற்றிச் சொல்லும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒழுகுகிற கண்ணெல்லாம் குழாய் அடைப்பு இல்லை.

பிறந்து ஒரு மாதத்துக்குள், அதிலும் முதல் இரண்டு வாரத்தில், இமை வீங்கி, கண் சிவந்து, துடைக்கத் துடைக்கச் சீழ் கொட்டினால் அது பிரசவத்தின்போது தொற்றிய கிருமியாக இருக்கலாம். கருவிழியையே கெடுத்துவிடக் கூடியது. பனி விலகட்டும், பஸ் வரட்டும் என்று நிற்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108.

பிறந்த சில நாளில் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே நீலம் பாரித்த ஒரு முண்டு தெரிந்தாலும் போங்கள். பை மேலும் கீழும் அடைத்துப் புடைத்துக்கொண்டது அது. சில சமயம் அந்தப் புடைப்பு மூக்குக்குள்ளும் இறங்கியிருக்கும். பச்சைக் குழந்தை மூச்சு விடுவதே மூக்கால்தான், பால் குடிக்கும்போது திணறும்.

அதே இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் பிள்ளை வீறிட்டு, காய்ச்சலும் இருந்தால் பையில் சீழ் பிடித்திருக்கிறது. அதை அமுக்கவே கூடாது. நான் செய்த மசாஜ் அந்தக் கண்ணுக்கு ஆகாது.

இன்னொன்று வெளிச்சம். கண் ஒழுகுவதோடு, வெளிச்சத்தைப் பார்த்தால் பிள்ளை இறுக்கிக் கண்ணை மூடிக்கொள்கிறதா, கருவிழி பெரிதாகவோ மங்கலாகப் புகை படர்ந்த மாதிரியோ இருக்கிறதா என்று பாருங்கள். அது கண்ணின் உள்ளே அழுத்தம் கூடும் நோயாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடும். எங்களைப் பார்த்த டாக்டரம்மா முதலில் சோதித்ததே இதைத்தான்.

வெறும் அடைப்பு என்றால் இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது. வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்கும். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், தூங்கும், சிரிக்கும். தண்ணீர் மட்டும் நிற்கும், தூங்கி எழுந்தால் ஒட்டும். சளி பிடித்தால், எங்கள் ஊர்ப் பனிக் காற்று முகத்தில் அடித்தால், கூடும்.

நான் செய்த தப்பு

மருந்துக்கடையில் போய், “பாப்பாவுக்குக் கண்ணு ஒட்டுது, ஏதாவது சொட்டு குடுங்க” என்று கேட்டேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். கொடுத்தார்கள், போட்டேன். நாலு நாள் பீளை குறைந்தது, நான் பெரிய வைத்தியன் ஆகிவிட்டேன். ஐந்தாம் நாள் பழையபடி. கண் டாக்டரிடம் போனபோது பாட்டிலை வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. “இதுல ஸ்டீராய்டு இருக்கு. பச்சப் புள்ளைக்கு யார் கேட்டு இதப் போட்டீங்க?” ஸ்டீராய்டு சேர்ந்த சொட்டு கிருமியை வளரவிடும், நாள் கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தத்தையும் ஏற்றும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். மலையில் நிறைய பேர் இதைச் செய்கிறோம். ஆஸ்பத்திரிக்கு இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது, கடை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், கண்ணுக்கு மட்டும் கடைச் சொட்டு வேண்டாம்.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு மூக்கோரத்தில் மெல்ல அமுக்கினார். கீழ் இமையின் துளையிலிருந்து வெள்ளையாகச் சீழ் எதிர்த்து வந்தது. “பாத்தீங்களா? பை ரொம்பி நிக்குது, கீழ போக வழியில்ல” என்றார். பிறகு மஞ்சள் சாயம் ஒரு சொட்டு இரண்டு கண்ணிலும் விட்டு ஐந்து நிமிடம் கழித்து நீல வெளிச்சத்தில் காட்டினார். வலது கண்ணில் சாயம் ஏறக்குறைய வடிந்து போயிருந்தது. இடது கண்ணில் பச்சையாக மினுமினுத்துக்கொண்டு அப்படியே நின்றது.

துடைப்பது

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். கொடைக்கானல் பக்கம் காலையில் அதுவே சீக்கிரம் சில்லிட்டுவிடும், வெதுவெதுப்பாக இருக்கும்போதே எடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான பஞ்சையோ மல் துணியையோ நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுவிடுங்கள். அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு, அடுத்த கண்ணுக்கும் வேறு பஞ்சு. காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். நனைந்த பஞ்சை அரை நிமிடம் மேலே வைத்தால் தானே ஊறி வந்துவிடும். சேலைத் தலைப்பு, தோளில் கிடக்கும் துண்டு இரண்டும் கூடாது. ஓயாமல் ஈரம் பட்டு இமையோரத் தோல் சிவந்தால், வெளித்தோலில் மட்டும் வாசலின் துளி தடவலாம்.

கண்ணுக்குள் எதையெல்லாம் விடக் கூடாது என்பதில்தான் வீட்டில் சண்டை. விளக்கெண்ணெய் விடலாம் என்றார் அம்மா. தாய்ப்பால் பீச்சலாம் என்றார் மாமியார். எண்ணெய் கண்ணைக் குழப்பிவிடும். தாய்ப்பால் அடிமுனையில் இருக்கிற சவ்வைத் திறக்காது, வயிற்றுக்குத்தான் போகட்டும் என்று டாக்டரம்மா முடித்துவிட்டார். கண் மை அறவே கூடாது. சில மைகளில் ஈயம் இருக்கும், அதோடு அந்த ஊசித்துளையையும் அடைக்கும். திருஷ்டிக்கு வேண்டுமானால் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் பஞ்சாயத்துப் பேசினேன், அம்மா ஒப்புக்கொண்டார். குளிப்பாட்டும்போது பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விட்டு வாயால் ஊதுவது எங்கள் பக்கம் இன்னும் உண்டு. அதையும் நிறுத்தினோம்.

புகைதான் கஷ்டம். மார்கழியில் கணப்பு இல்லாமல் எங்கள் வீட்டில் இருக்க முடியாது. பிள்ளை இருக்கும் அறையில் கணப்பும் சாம்பிராணியும் வேண்டாம் என்று தொட்டிலை அடுப்பங்கரையிலிருந்து தள்ளிக் கட்டினோம். குளிருக்கு ஒரு சட்டை கூடப் போட்டோம்.

விரல்

இனி மசாஜ். 1923ல் கிரிக்லர் என்ற கண் மருத்துவர் எழுதிவைத்த முறை. நூறு வருஷம் கழித்தும் டாக்டர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் முனையில் மண் அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம்? ஓஸின் மேல்தோலைத் தேய்க்கமாட்டோம். தண்ணீர் பின்னால் ஓடிவிடாதபடி பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்து, உள்ளே இருப்பதை முன்னால் அமுக்கித் தள்ளுவோம். இதுவும் அதேதான். மேலே துளைப் பக்கம் தண்ணீர் எதிர்த்து வராமல் விரல் அடைத்துக்கொள்கிறது, பையில் இருப்பது கீழே தள்ளப்படுகிறது, அந்த அழுத்தம் சவ்வில் போய் முட்டுகிறது. இது புரியாததால்தான் நிறைய பேர் கண்ணைச் சுற்றி வட்ட வட்டமாகத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் தடவினேன், மூக்கின் மேல் திருநீறு பூசுகிற மாதிரி. திரும்பப் போனபோது டாக்டரம்மா என் கை முட்டியிலேயே அமுக்கிக் காட்டினார். “இவ்வளவு அழுத்தணும். உங்க நகம் வெளுக்கணும்.” நான் நினைத்ததைவிட அழுத்தம் அதிகம்தான். ஆனால் அது எலும்பின் மேல் விழுகிற அழுத்தம், கண்முழியின் மேல் துளிகூடப் படக் கூடாது.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். என் ஆள்காட்டி விரல் தடியாக இருந்ததால் சுண்டு விரலை எடுத்துக்கொண்டேன். சோப்பில் கழுவியும் டீசல் வாடை போகாது, இரண்டு தடவை கழுவுவேன். பிறகு வெந்நீர்ச் செம்பைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொள்வேன். சில்லென்ற விரல் பட்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிவிடும், அன்றைய ஆட்டம் முடிந்தது.

பிள்ளையைத் துண்டில் கையோடு சேர்த்துச் சுற்றி, என் இரண்டு தொடையின் மேல் மல்லாக்கப் போடுவேன். தலை என் முழங்கால் பக்கம், கால் என் வயிற்றுப் பக்கம். இப்படிப் போட்டால் கீழே தள்ளுவது என்பது என்னை நோக்கி இழுப்பது, விரல் தப்பிப் போகாது. இடது கையால் தலையைத் தாங்கிக்கொள்வேன். கண்ணின் மூக்கோர முனைக்கும் மூக்குத்தண்டுக்கும் நடுவே விரலை வைத்து மெல்ல அசைத்தால் எலும்பின் விளிம்பு தட்டுப்படும். பை இருப்பது அந்தப் பள்ளத்தில். விரல் நுனியை உள்நோக்கி, எலும்பின் மேல் அமுக்குங்கள். அமுக்கியபடியே மூக்கின் பக்கவாட்டில் கீழே, நாசியை நோக்கித் தள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போதும். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, தோலும் விரலோடு சேர்ந்து போக வேண்டும். அதனால் எண்ணெய் தடவ வேண்டாம். கீழே போனதும் விரலை எடுத்துவிட்டு மறுபடி மேலிருந்து வையுங்கள். கீழிருந்து மேலே தேய்த்துக்கொண்டு வராதீர்கள்.

ஒரு தடவைக்கு 5 முதல் 10 தள்ளல், ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை. அரை நிமிடம்கூட ஆகாது. அமுக்கும்போது துளை வழியாகப் பீளை எதிர்த்து வந்தால் பயப்படாதீர்கள், பை காலியாகிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டுத் தொடருங்கள். டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருந்தால் மசாஜ் முடித்துத் துடைத்த பிறகுதான் விட வேண்டும். கீழ் இமையை லேசாக இழுத்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு. திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சொட்டு மருந்து கிருமியைத்தான் அடக்கும், குழாயைத் திறக்காது. அதனால் பீளை பச்சையாக, நிறைய வரும் நாட்களில் டாக்டர் சொன்னபடி மட்டும். வெறும் தண்ணீர் ஒழுகினால் எங்களுக்குச் சொட்டே தரவில்லை.

பிள்ளை வளர வளர மல்லாக்கப் போடுவதே பாடு. ஐந்தாம் மாதத்தில் என் கையைப் பார்த்தாலே உதைக்க ஆரம்பித்தாள். அப்போது என் மனைவி கண்டுபிடித்த வழி இது. இடது மார்பில் பால் குடிக்கும்போது பிள்ளையின் இடது கண் மேல் பக்கம் இருக்கும். வயிறு நிறைந்து கண் சொக்கும் நேரம் பார்த்து நான் விரலை வைப்பேன். வலது கண் அடைத்திருந்தால் வலது மார்பு. ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடுங்கிய அவளே, “இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு, எண்ணிப் பண்ணுங்க” என்று அதட்டத் தொடங்கினாள். காலை வண்டி எடுக்கும் முன் ஒன்று, இரவு வந்து ஒன்று என்னுடையது. நான் இல்லாத பகலில் அம்மா ஒன்று செய்வார். பூண்டு உரித்துத் தேய்ந்த விரல் அவருடையது, என்னைவிடச் சரியாகச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தேன், பூண்டு உரித்த கையோடு தொடக் கூடாது.

இதில் பொறுமையைச் சோதிப்பது, நாளுக்கு நாள் மாற்றம் தெரியாதது. ஒரு வாரம் வற்றும், சளி பிடித்தால் மறுபடி வழியும். எட்டாம் மாதம் பிறந்தபோதுதான், மூன்று நாளாகக் கண் ஒட்டவே இல்லையே என்று கவனித்தோம். எந்த அமுக்கில் சவ்வு விட்டது என்று தெரியவில்லை. கண் காய்ந்து ஒரு வாரம் ஆனதும் மசாஜை நிறுத்தினோம்.

ஒரு வயதும் தாண்டினால்

என் தம்பி மகனுக்கு அப்படி ஆகவில்லை. அதே வீடு, அதே விரல்கள், பன்னிரண்டு மாதம் செய்தும் ஒழுகியது. சில சவ்வு தடிப்பாக இருக்கும், சிலருக்குக் குழாயே குறுகல், செய்தவர்கள் மேல் குற்றம் இல்லை என்று டாக்டர் சொன்னதும் தம்பி பெண்டாட்டி அழுதேவிட்டாள். கண்ணென்றால் எங்கள் மலையில் மதுரைக்குப் போ என்பார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஊர். மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு, பதிமூன்றாம் மாதம், என் ஜீப்பில்தான் இறங்கினோம்.

செய்தது கத்தி வைக்காத வேலை. இமைத் துளை வழியாக மெல்லிய கம்பி மாதிரி ஒரு கருவியைப் பைக்குள் விட்டு, குழாய் வழியே இறக்கி, சவ்வைத் திறந்துவிடுகிறார்கள். பிறகு தண்ணீர் பீய்ச்சி, மூக்குக்கு வந்து சேருகிறதா என்று பார்க்கிறார்கள். சில நிமிட வேலைதான், ஆனால் இந்த வயதில் பிள்ளை அசையாமல் இருக்க மயக்க மருந்து வேண்டும். சில டாக்டர்கள் ஆறேழு மாதத்திலேயே, மயக்கம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு செய்வதும் உண்டு. முதல் தடவையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் மறுபடி ஒரு தடவை, அல்லது சிலிக்கான் குழாய் சில மாதம் உள்ளே வைப்பது.

மலையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மயக்கத்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பு, புட்டிப்பால், பசும்பால் 6 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும். தண்ணீர் 2 மணி நேரம். உங்கள் டாக்டர் சொல்லும் நேரம்தான் கணக்கு, கடிகாரம் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் பசித்து அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். நாங்கள் தங்கினோம். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், இருமல் இருந்தால் கிளம்பும் முன்பே போன் செய்து சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கமாட்டார்கள், இறங்கிப் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

முடிந்த அன்று மூக்கிலோ கண்ணீரிலோ இளஞ்சிவப்பாக லேசாக ரத்தம் தெரிந்தது. ஒரு நாளில் நின்றது. சொட்டு மருந்து ஒரு வாரம் போட்டோம். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, கண்ணோரம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து, தடுப்பூசிக்கு நர்சம்மாவிடம் தூக்கிப் போனோம். ஊசி போட்டதும் வீட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். அழுது முடித்தபோது இரண்டு மூக்கும் ஒழுகி வாய்வரைக்கும் வழிந்தது. அம்மா முந்தானையை எடுத்துக்கொண்டு, “ஐயோ, மதுரைக்குப் போயி புள்ளைக்குச் சளி புடிச்சிருச்சே” என்று பதறினார். தம்பி பெண்டாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இருங்கத்தை, தொடைக்காதீங்க, கொஞ்ச நேரம் ஒழுகட்டும்” என்றாள்.